ரிசப்ஷனுக்கு ஜாஸ் பேண்ட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பெங்களூரின் கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல் லாபிகளிலும் கம்பெனி விருந்துகளிலும் பேஸ் கிடார் வாசிக்கிறேன், இடம் இருந்தால் டபுள் பேஸும். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், போட்டோவில் பாதி வெட்டுப்பட்டு நிற்பாரே, அந்த ஆள். "ஜாஸ் பேண்ட் எப்படிப் பிடிப்பது?" என்று ஆளாளுக்குத் தனியாகக் கேட்கிறீர்கள், அதனால் இன்று சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில்.

ஜெயநகர், தங்கையின் ரிசப்ஷன்: அண்ணா, 400 பேர் வருவார்கள். எத்தனை பேர் கொண்ட பேண்ட் வேண்டும்? ஜாஸ் என்றால் எனக்கு சாக்ஸபோன் மட்டும்தான் தெரியும்.

கூட்டத்தை எண்ணி பேண்டை எண்ணாதீர்கள் தம்பி. சத்தத்தை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்று யோசியுங்கள். வரிசையில் நின்று கவர் கொடுத்து, போட்டோ எடுத்து, பந்திக்குப் போகும்வரை பின்னால் இதமாக ஓடினால் போதுமென்றால் பியானோ, பேஸ், டிரம்ஸ் என மூன்று பேர் தாராளம். டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு, மெதுவாக ஒலிக்கும் கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தால், முன்வரிசையில் பெரியப்பாவும் சித்தப்பாவும் சண்டை போடுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். ஜனங்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் நாலாவதாக ஒரு பாடகியையோ சாக்ஸையோ சேருங்கள். டிரம்பெட், டிராம்போன் என்று போவதானால் மண்டபம் பெரிதாக இருக்க வேண்டும். தகரக் கூரை என்றால் அந்த ஆசையே வேண்டாம்.

நாலு பேருக்கு 16 அடிக்கு 12 அடி இடம் கேட்பேன். டிரம்ஸ் மட்டுமே 6க்கு 6 தின்றுவிடும். மணமக்கள் சோபா, பூ அலங்காரம், கேக் மேஜை எல்லாம் வைத்து முடித்து மிஞ்சும் மூலையில் எங்களைச் சொருகாதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தனியாக ஒரு சின்ன மேடை போட்டால் போதும். வாசிப்பு 45 நிமிடமாக மூன்று செட், நடுவில் இடைவெளி. நாலு மணி நேரம் நிறுத்தாமல் ஊத எவராலும் முடியாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று: வீடியோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீடியோவில் வாசிப்பவர் ஒருவர், அன்றைக்கு வந்து இறங்குபவர் வேறொருவர், இது நம் ஊரில் நடக்காத வாரமில்லை. யார் யார் வருகிறார்கள் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். அவர்களில் ஒருவர் மாறினால் ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும் என்றும் எழுதுங்கள்.

இந்திரா நகர்: எவ்வளவு ஆகும்?

தேதி, இடம், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், சவுண்ட் சிஸ்டம் யாருடையது. இந்த ஐந்தும் இல்லாமல் யாராவது தொகை சொன்னால் அது வாய்க்கு வந்த தொகை. நீங்கள் வாங்குவது மூன்று மணி நேரம் இல்லை. மதியம் 2 மணிக்கு சாமான் இறக்கி, 4 மணிக்கு சவுண்ட் செக், 7 மணிக்கு வாசிப்பு, எல்லாவற்றையும் மூட்டை கட்டி சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டும்போது நள்ளிரவு. நாலு பேருடைய ஒரு முழு நாளை வாங்குகிறீர்கள்.

முகூர்த்த நாள் என்றால் தொகை இன்னும் ஏறும். வைகாசி, ஆவணி, தை வளர்பிறை நாட்களில் ஊரே கல்யாணம் வைக்கும். மார்கழியில் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, அப்போது மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டு வந்தார். மார்கழி என்பது டிசம்பர் சார். கிறிஸ்துமஸ், புது வருடம். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் அதுதான்.

பானஸ்வாடி, மணமகளின் அப்பா: பாட்டு லைசென்ஸ் இல்லாமல் பேண்ட் வாசிக்கக் கூடாது, பணம் கட்டிய ரசீது காட்டுங்கள் என்று மண்டப மேனேஜர் சொல்கிறார். உண்மையா ஐயா?

நல்ல கேள்வி ஐயா, நிறையப் பேர் பயந்துகொண்டு கட்டிவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 52(1)(za) என்று ஒரு பிரிவு இருக்கிறது. மதச் சடங்குகளில் பாட்டுப் பாடுவதும் போடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது அது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தோடு சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அதற்கு விளக்கமும் உண்டு. 2023 ஜூலை 24 அன்று மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை இதையே பொது அறிவிப்பாக வெளியிட்டது, இப்படிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. அதை ஒரு தாளில் எடுத்து மேனேஜரிடம் காட்டுங்கள். அந்தப் பிரிவு எதுவரை செல்லும் என்று நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன, அதனால் சண்டை போடாமல் நிதானமாகப் பேசுங்கள். பெரும்பாலும் தாளைப் பார்த்ததும் மேனேஜர் "எனக்கு ஒன்றுமில்லை சார், மேலிடத்தில் கேட்டார்கள்" என்பார்.

எலெக்ட்ரானிக் சிட்டி: எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவுக்கும் அதே விதியா?

இல்லை. ஆபீஸ் விழா கல்யாணம் ஆகாது. பேண்ட் வாசிக்கும் பாடல்களுக்கு ஐபிஆர்எஸ் என்ற, பாடலாசிரியர்கள் இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கத்திடம் லைசென்ஸ், இடைவேளையில் ரெக்கார்ட் போடுவதானால் அதற்குத் தனி லைசென்ஸ். ஹோட்டலோடு முதலிலேயே பேசிவிடுங்கள்.

மாரத்தஹள்ளி: எவ்வளவு ஆகும் அண்ணா, சுமாராக?

இந்திரா நகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காக்ஸ் டவுன், மணமகன்: எல்லாம் வாசிப்போம் என்கிறார்கள். தமிழ் சினிமாப் பாட்டு, இந்தி, கன்னடம், ஜாஸ், டான்ஸ் எல்லாம். நம்பலாமா?

வாசிப்பார்கள். எப்படி வாசிப்பார்கள் என்பதுதான் கேள்வி. நம் மெலடிப் பாட்டுகள் பல, போஸா நோவா என்ற பிரேசில் நாட்டு மென்மையான நடையில் அழகாக உட்காரும், பாட்டி தலையாட்டுவார், வெளிநாட்டு நண்பரும் தலையாட்டுவார். ஆனால் ஜாஸ்காரர்களிடம் குத்துப் பாட்டு கேட்காதீர்கள். டிரம்ஸ் செட்டில் தப்பு மேளமும் தவிலும் வராது. கேட்டால் வாசித்துவிடுவோம், அப்புறம் நாங்களும் வருத்தப்படுவோம், நீங்களும் வருத்தப்படுவீர்கள்.

சொந்த விருப்பமாக நாலைந்து பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். மூன்று வாரம் முன்பு கொடுங்கள். பாடகி எந்தக் கட்டையில் பாடுவார் என்று பார்த்து எல்லோருக்கும் சுரக் குறிப்பு எழுத வேண்டும். மேடைக்குக் கீழே வந்து செல்போனை நீட்டி "இதை வாசிங்க" என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டால் சிரித்து வைப்போம், அவ்வளவுதான். ஆட்டம் வேண்டுமென்றால் 9:30க்கு பேண்டை முடித்துவிட்டு டிஜேயிடம் விடுங்கள். அப்புறம், பெயர்ப் பட்டியல் எழுதி வாங்கினீர்களா?

ஹொரமாவு: மண்டபத்தில் கரண்ட் எல்லாம் இருக்கிறது, நாங்கள் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

பாருங்கள். மேடைக்கு வரும் லைன் சீரியல் லைட்டோடும் டெகரேஷன் லைட்டோடும் சேர்ந்து வரக் கூடாது. சேர்ந்தால் லைட்டைப் போட்டதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு வண்டு. எர்த் சரியாக இல்லாவிட்டால் மைக்கைத் தொடும் உதட்டில் சுருக்கென்று அடிக்கும். அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், எலக்ட்ரீஷியனை சவுண்ட் செக் நேரத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஜெனரேட்டர். ஒரு ரிசப்ஷனில் மணமக்கள் உள்ளே நுழையும் நேரம், பாடகி முதல் வரியை எடுத்தார், கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டே வினாடியில் பிடித்துக்கொண்டது, ஆனால் கீபோர்டு அணைந்து மறுபடி எழுந்து நிற்க முக்கால் நிமிடம். என் ஆம்ப் ஊமை. பாடகி மைக்கைக் காட்டி உதடு பிதுக்குகிறார். சாக்ஸ்காரர் மட்டும் மேடையை விட்டு இறங்கி, ஊதிக்கொண்டே மணமக்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார், டிரம்ஸ்காரர் பின்னாலிருந்து தாளம் கொடுத்தார். கூட்டம் அதை ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டியது. அன்றிலிருந்து கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஒரு யூபிஎஸ் நாங்களே தூக்கிக்கொண்டு போகிறோம்.

ஆர்.டி. நகர்: முகூர்த்தத்துக்கே நாதஸ்வரத்துக்குப் பதில் சாக்ஸ் வைத்தால் புதுமையாக இருக்குமே?

புதுமை இல்லை அம்மா. மங்களூர், உடுப்பிப் பக்கம் கோயிலிலும் கல்யாணத்திலும் சாக்ஸ் சாதாரணம். சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத், அவர் அப்பா நாதஸ்வரக்காரர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு அதில் விழுந்தவர். விசைகள் வைத்த வாத்தியத்தில் கமகம், அதாவது சுரங்களை வளைத்து அசைப்பது, கொண்டுவர உதட்டாலும் மூச்சாலும் எவ்வளவு உழைத்திருப்பார்! 2019இல் காலமானார். அந்த வழியில் கர்நாடக சங்கீதம் படித்த சாக்ஸ்காரர் என்றால் தாராளமாக வையுங்கள். ஜாஸ் படித்தவரிடம் கெட்டிமேளம் கேட்காதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் அவர் தவில்காரர் முகத்தைப் பார்ப்பார், தவில்காரர் ஐயர் முகத்தைப் பார்ப்பார்.

ஃபிரேசர் டவுன்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் தாய்மாமா தவில் வித்வான். காலையில் மேளத்துக்கு ஐந்நூறு ரூபாய் பேரம் பேசுகிற அதே வீடு, சாயங்காலம் ஜாஸ் பேண்டுக்குக் கேட்டதைக் கொடுக்கிறது. அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறேன். நீங்கள் சொல்வது சரி, எனக்கே கூச்சமாக இருக்கும் விஷயம். அவர் காலை நாலரைக்கு வந்து மங்கல இசை தொடங்குகிறார், நாங்கள் மதியம் காரில் வந்து இறங்கி தண்ணீர் பாட்டில் எங்கே என்று கேட்கிறோம்.

கோரமங்கலா: ஆனால் ஜாஸ் பேண்டுக்கு இசைக்கருவி, சவுண்ட், ரிகர்சல் செலவு அதிகம். சந்தை விலைதானே?

ஐயா, தவில் தோல் போனால் மாற்றும் செலவு யாருடையது? பன்னிரண்டு வயதில் தொடங்கிய சாதகத்துக்கு எந்தச் சந்தையில் விலை? ரிகர்சல் செலவு என்கிறீர்கள். தவில்காரருக்கு ரிகர்சல் தேவைப்படாததற்குக் காரணமே அந்த சாதகம்தான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலை முகூர்த்தத்துக்கு வந்த தவில்காரர் மாலை ஊர்வலத்துக்கும் இருந்தார், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நாங்கள் சவுண்ட் செக்கில் 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் பாட்டை எடுத்தோம், 1959இல் வந்தது, ஐந்து எண்ணிக்கை. அவர் கண்ணைத் திறக்கவில்லை, விரல் மட்டும் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று முடிந்ததும், "தம்பி, இது திருப்பிப் போட்ட கண்ட சாபு" என்றார். சரிதானே, கண்ட சாபு நம்முடைய ஐந்து எண்ணிக்கைத் தாளம், அது தக தகிட, இது தகிட தக. எங்கள் டிரம்ஸ்காரர் அந்தப் பாட்டைப் பல வருடமாக வாசிக்கிறார், இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அப்புறம் தவில்காரர் வலது கை விரல்களில் கூட்டை மாட்டினார், இடது கையில் குச்சியை எடுத்தார். மைக் வைக்கப் போன சவுண்ட் பையனைக் கையாலேயே தடுத்தார். எங்கள் ஆள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் குச்சிக்கு மாறினார், மாறியும் போதவில்லை. பத்து நிமிடம். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். அன்று இரவு ரிசப்ஷனில் நாங்கள் வாசித்தது எதுவும் அந்தப் பத்து நிமிடத்துக்கு அருகில் வரவில்லை.

கோரமங்கலா: உணர்ச்சிவசப்படுகிறீர்கள். நான் விலையைத்தான் சொன்னேன்.

நானும் விலையைத்தான் சொல்கிறேன்.

ஃபிரேசர் டவுன்: நன்றி அண்ணா. மாமாவிடம் இதைப் படித்துக் காட்டுகிறேன்.

என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சரி, மற்றவர்கள் கேள்வி நிறைய நிற்கிறது.

ஹெப்பால்: எவ்வளவு சார்?

மேலே.

தேவனஹள்ளிப் பக்கம் ரிசார்ட்: திறந்தவெளிப் புல்வெளி. இரவு 11 வரை வாசிக்கலாமா?

10 மணிக்கு நிறுத்துங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மைக் இல்லாமல் வெறும் வாத்தியம் என்று சமாளிக்க நினைப்பவர்களுக்கு, அந்த விதி வாத்தியத்தையும் சேர்த்தே சொல்கிறது. மூடிய விருந்து மண்டபத்துக்கு விலக்கு உண்டு. புல்வெளியில் 7 மணிக்குத் தொடங்குங்கள், 10க்கு உள்ளே மாறுங்கள். மழைக்கு ஒரு கூரையும் வையுங்கள், நம் ஊர் மே மாத மாலையை நம்பிக் கீபோர்டைத் திறந்தவெளியில் வைக்க மாட்டேன்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: ஜிஎஸ்டி கேட்கிறார்கள். கலைஞர்களுக்கு விலக்கு இல்லையா?

நாட்டுப்புறக் கலைக்கும் சாஸ்திரியக் கலைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கு உண்டு, ஜாஸ் அதில் வராது. பதிவு பெற்ற குழு என்றால் 18 சதவீதம். மிச்சத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் பேஸ் வாசிப்பவன்.

ஜே.பி. நகர்: பேண்டுக்குச் சாப்பாடும் நாங்கள்தான் போட வேண்டுமா?

கல்யாண வீட்டில் இதைக் கேட்கலாமா? முதல் செட்டுக்கும் இரண்டாம் செட்டுக்கும் நடுவில் போடுங்கள். கடைசியில் என்று சொன்ன ஒரு மண்டபத்தில் 11 மணிக்குப் போனோம், ரசமும் அப்பளமும் இருந்தன, இலை இல்லை. டிரைவருக்கும் சவுண்ட் பையன்களுக்கும் சேர்த்து எண்ணுங்கள்.

சர்ஜாபூர் ரோடு: ஆவணி முதல் முகூர்த்தம், ஞாயிறு. மூடிய மண்டபம், மேடை தனியாக 16க்கு 12. பாடகியோடு நாலு பேர், மூன்று செட், இரவு 10க்குள் முடியும். சவுண்ட் மண்டபத்துடையது, கரண்ட் தனி லைன். காலையில் மேளம் எங்கள் ஊர் செட், அவர்கள் கேட்டதைப் பேசாமல் கொடுத்துவிட்டோம். உங்கள் குழுவில் யார் யார் வருவீர்கள் என்று பெயரோடு எழுதித் தருவீர்களா? எவ்வளவு?

உங்களுக்குத் தொகை சொல்கிறேன். தனியாகச் செய்தி அனுப்புங்கள், அந்த ஞாயிறு இன்னும் காலியாக இருக்கிறது. மேளம் செட் சாயங்காலம்வரை இருப்பார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.