பழைய ஜீப்பை எஃப்.சி.க்குத் தயார் செய்வது: ஏற்காடு, சேலம் வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எஸ்டேட் ஜீப், ஜிப்ஸி என்று பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கியமானவற்றை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் அனுப்பியவரின் ஊர் இருக்கிறது. எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தைப் பிரேக்குக்கு மாற்றுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற வண்டிக்கு அதுதான் முதல் வேலை.

நாகலூர்: அண்ணே, எங்கள் ஜீப் 2001இல் பதிவானது. சொந்த உபயோகம், வெள்ளை போர்டு. ஆர்.சி. (பதிவுச் சான்று) இந்த 2026 நவம்பரில் முடிகிறது. எப்போது மனு போட வேண்டும்? எவ்வளவு ஆகும்?

முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25இல் மனு போடுங்கள், தம்பி. சொந்த வண்டிக்கு முதல் 15 வருடம், அதன்பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிப்பார்கள். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கும் ஜீப்புக்கும் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு இரண்டாவது கணக்குதான். பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கட்டும்.

மஞ்சள் போர்டு, அதாவது வாடகை வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., பிறகு ஆண்டுதோறும்.

ஏற்காடு: ஹேண்ட் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. லைனிங் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. போன முறை பிரேக் இன்ஸ்பெக்டர் அதைச் சொல்லியே திருப்பி அனுப்பிவிட்டார்.

லைனிங்கில் குற்றம் இருக்காது. வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வழி வந்த ஜீப்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம்முக்குள் இருக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராக லைனிங்கில்தான் இறங்கும். எத்தனை லைனிங் போட்டாலும் சில வாரத்தில் ஊறிவிடும்.

டிரம்மைக் கழற்றி உள்ளே விரல் வைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் சீலை மாற்ற வேண்டும். அதற்கு முன் இரண்டு விஷயம். சீல் உட்காரும் ஃபிளாஞ்சில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடுங்கள், அல்லது ஃபிளாஞ்சையே மாற்றுங்கள். அடுத்தது பிரீதர், உள்ளே சேரும் காற்று வெளியேறும் துளை. எஸ்டேட் சேறு அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். ஒரு கம்பியை விட்டுச் சுத்தம் செய்கிற வேலைதான், ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடவே கூடாது.

இதைச் சரிசெய்யும் வரைக்கும் சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆட்கள் பின்னால் நின்று சுமை ஏற்றுகிற வண்டி அது.

குப்பனூர்: மலை இறங்கி வரும்போது பாதியில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. கீழே வந்து அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடவே கூடாது. ஆறினால் சரியாகிறது என்பதே அடையாளம்: உங்கள் பிரேக் ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டு மூடுபனியில் கேட்கவே வேண்டாம். டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140க்கே கொதிக்கலாம். கொதித்த ஆயிலில் ஆவி சேரும், ஆவி அமுங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது.

பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிவிட்டு, புதிதாக நிரப்பி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுங்கள், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு வீல் சிலிண்டரின் ரப்பரையும் தூக்கிப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், மொத்த லைனும் வீண். சோதனையில் கேட்பது 30 கி.மீ. வேகத்தில் 13 மீட்டருக்குள் நிற்பது. சமதளத்தில் அது சுலபம். நீங்கள் மலையை நினைத்துச் செய்யுங்கள்.

அடிவாரம்: இறங்கும்போது ஃபோர் வீலில் போட்டால் பிடிப்பு கூடுமா?

தார் ரோட்டில் வேண்டாம். இந்த வண்டிகளில் முன், பின் ஆக்சிலை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடும். அந்த வித்தியாசம் முழுவதும் ஜாயிண்ட் கிராஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லிலும் முறுக்காக ஏறும். டூ வீலிலேயே இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஃபோர் வீல் எஸ்டேட் சேற்றுக்கு.

ஓமலூர்: புகைச் சோதனையில் தோற்றுவிட்டோம். எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா, சார்?

அவசரப்படாதீர்கள். புகை என்ன நிறம்? நீலமென்றால் எண்ணெய் எரிகிறது. ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும், செலவுதான். கறுப்பென்றால் பெரும்பாலும் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டர். ஆயில் பாத் வகையென்றால் (அடியில் எண்ணெய்க் கிண்ணம் உள்ளது) அடியில் சேர்ந்த வண்டலை வழித்துவிட்டு, குறியிட்ட மட்டத்துக்குப் புது எண்ணெய் ஊற்றுங்கள். அடுத்து டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் பாருங்கள். பனிபோல் தெளிக்க வேண்டும், சொட்டக் கூடாது. கடைசியாக டீசல் பம்ப்.

மலை வண்டிகளுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிட பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று பம்ப்பில் டீசலைக் கூட்டிவைத்துவிடுகிறார்கள். இழுவை கொஞ்சம் கூடும், புகை நிறையக் கூடும். பி.எஸ். 4 என்ற புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளப்பது). நல்ல நாசில், சரியான டைமிங் உள்ள பழைய எஞ்சின் அதற்குள் தாராளமாக நிற்கும். நீண்ட இறக்கம் இறங்கிய கையோடு சோதனைக்குப் போகாதீர்கள். பைபாஸில் நன்றாக ஓட்டிச் சூடேற்றிவிட்டுப் போங்கள்.

வாழப்பாடி: 50இல் போகும்போது பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடுகிறது. டேம்பர் போட்டால் போதும் என்கிறார்கள்.

டேம்பர் என்பது ஸ்டியரிங் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரி. அது ஆட்டத்தை மறைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின். பிறகு டை ராடு எண்டு, பட்டை புஷ், யூ போல்ட் மூன்றையும் பாருங்கள். ஸ்டியரிங் வெறுமனே திரும்பும் அளவு 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அவ்வளவு தூரம் விட்டுவைக்க வேண்டாம்.

ஏற்காடு: கிராஷ் கார்டு, பெரிய டயர் இருக்கிறது. கழற்ற வேண்டுமா? சேஸ் நம்பர் துருவில் சரியாகத் தெரியவில்லை.

கழற்றுங்கள். கிராஷ் கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. டயர் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும், டயர் பட்டனின் உயரம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எஞ்சின் மாற்றியிருந்து ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்துகொண்டுதான் மற்ற வேலை.

சேஸ் நம்பரில் கிரைண்டர் வைத்துவிடாதீர்கள், ம்மா. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, துணியால் தேயுங்கள். படிக்க முடிந்தால் அதன்மேல் கிரீஸ் தடவி விடுங்கள். முடியாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் அனுமதியோடுதான் மறுபடி அடிக்க வேண்டும். பட்டறையில் நீங்களாக அடித்தால் அது குற்ற வழக்கு வரை போகும்.

சேலம்: சோதனைக்குக் கொண்டுபோகும் அன்றைக்கு என்ன கவனிக்க வேண்டும்?

அடிப்பக்கச் சேற்றை முந்தின நாளே கழுவி விடுங்கள். கசிவு இருந்தால் உங்களுக்கே முதலில் தெரியும். லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் ஒரு சுற்று. உருளையில் ஏற்றிப் பிரேக் பார்க்கும் இடமென்றால், வண்டி ஃபோர் வீல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லிவர் டூ வீலில், முன் ஹப் ஃப்ரீயில் (ஆக்சிலோடு பூட்டாமல்) இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி உருளையைவிட்டுத் தாவிவிடும், முன்னால் ஆள் நிற்கக் கூடாது.