ஆவிகளின் அரசாங்கம்: சிம்மாசனத்திலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: நான் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதி வருகிறேன். கதை நடக்கும் பாதாளத்தில் நாகர், அரக்கர், ஆவிகள் என்று மூன்று தரப்பு. முதல் இரண்டுக்கும் ராஜ்ஜியம் அமைத்துவிட்டேன். ஆவிகளிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரு ராஜா, நாலு மந்திரி, ஒரு சேனாதிபதி என்று போட்டால், அரக்கர் ராஜ்ஜியத்துக்கே வெள்ளைப் புடவை கட்டிவிட்டது போல இருக்கிறது. ஏற்கெனவே செத்தவர்களை ஒரு ராஜா எதைச் சொல்லி மிரட்டுவான்? சாவே இல்லாத இடத்தில் பட்டத்துக்கு வாரிசு எதற்கு? கதையில் ஒரு தங்கை, செத்துப்போன அண்ணனைத் தேடிக் கீழே இறங்குகிறாள். அவள் யாரிடம் போய் நிற்க வேண்டும்?

பதில்: ராஜாவைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிடுங்கள். ஆவிகளுக்கு என்ன பசி, அந்தப் பசியை ஆற்றும் பொருள் எங்கிருந்து வருகிறது, அதை அளந்து கொடுப்பவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாளால் நடக்கிற அரசு இல்லை இது. படியளக்கிற கையும் பெயர் எழுதுகிற கையும் சேர்ந்து நடத்துகிற அரசு. நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இங்கிருந்துதான் வரும்.

நம்மிடமே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்காகக் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரைக் ‘கலிங்கத்துப்பரணி’யில் பாட வந்த செயங்கொண்டார், போர்க்களத்துக்குப் போகும் முன் நம்மைக் காளியின் சபைக்கு அழைத்துப் போகிறார். அங்கே பேய்கள் பசி தாங்கவில்லை என்று தேவியிடம் முறையிடுகின்றன. காளியின் கோபத்துக்குப் பயந்து இமயத்துக்கு ஓடிப்போயிருந்த முதுபேய் ஒன்று திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறது. அரசி, பட்டினி கிடக்கும் குடிகள், நாடு கடந்து ஒளிந்து திரும்பிய பழைய ஆள் என்று ஓர் அரசியல் நாவலுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சபையிலேயே இருக்கிறது.

கடைசியில் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பரிமாறும் இடத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூழ் வார்க்கச் சொல்கிறார்கள். ஒரு வேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்களுக்கு மயிர் கலக்காமல் வடித்து ஊற்ற வேண்டுமாம். செத்த பிறகும் ஆசாரம் போகவில்லை, பந்தியில் பிரிவும் போகவில்லை. உங்கள் ஆவிகளை ஒரே நிறத்தில் ஒரே கூட்டமாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பந்தியில் உட்கார வைத்துப் பாருங்கள், யார் எந்தக் கட்சி என்பது தெரிந்துவிடும்.

ஆனால் காளியின் சபை ஒரு தலைமையைச் சுற்றி நிற்கும் கூட்டம். உங்களுக்கு வேண்டியது வாசல், எழுத்தர், மேல்முறையீடு எல்லாம் உள்ள முழு நிர்வாகம். அதற்குச் சீனர்களின் கீழுலகத்தைப் பார்ப்பதுதான் நல்லது. 2,000 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் உண்மையாகவே நம்பி, கடிதம் எழுதி, காசு அனுப்பி, சடங்கு செய்து கட்டிய அரசாங்கம் அது.

கடிதம் என்றது உவமை இல்லை. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் ஹான் காலத்துக் கல்லறைகள் கிடைத்தன. அவற்றில் 3ஆம் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. பிரபு ஒருவரின் மகன் அதில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறான். உள்ளே ஒரு மரப்பலகை இருந்தது. அதில் ஆண்டு, மாதம், நாள் குறிப்பிட்டு, அந்த வீட்டின் காரியஸ்தர் கீழுலகத்து அதிகாரிக்கு எழுதியிருக்கிறார். இத்துடன் அடக்கப் பொருட்களின் பட்டியல் அனுப்பப்படுகிறது, கிடைத்ததும் தாமதிக்காமல் மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் என்பதுதான் அதன் சாரம். அழுகை இல்லை, பிரார்த்தனை இல்லை. ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு எழுதும் நடை. இதைப் படித்த பிறகு மண்டை ஓட்டுச் சிம்மாசனங்கள் எனக்கு ரொம்பச் சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. சாவின் பயங்கரத்தை ஒரு முகப்புக் கடிதத்தில் காட்ட முடியும் என்று அந்தக் காரியஸ்தர் காட்டிவிட்டார்.

இனி உங்கள் முதல் சிக்கல்: செத்தவர்களை எதைச் சொல்லி மிரட்டுவது? சீனக் கீழுலகத்தில் பத்து அரசர்கள், பத்து நீதிமன்றங்கள். வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய சுவடிகளில் இதன் அமைப்பு தெளிவாக இருக்கிறது. செத்தவர் 7ஆம் நாள் முதல் அரசர் முன் நிற்கிறார், 14ஆம் நாள் இரண்டாமவர் முன், இப்படியே 49ஆம் நாள் வரை ஏழு பேர். பிறகு 100ஆம் நாள், ஓராண்டு நிறைவு, மூன்றாம் ஆண்டு என்று மீதி மூவர். மேலே குடும்பத்தார் அந்தந்த நாளில் படையல் வைத்தால் கீழே அவர் அடுத்த வாசலுக்கு நகர்வார். வைக்க மறந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். நம் வீடுகளில் பத்தாம் நாள், பதினாறாம் நாள், வருஷத் திவசம் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

அந்தச் சுவடிகளில் சிலவற்றில் படங்களும் உண்டு. கழுத்தில் மரப்பலகை மாட்டி இழுத்து வரப்படுகிறவர்கள் ஒரு பக்கம், கையில் சூத்திரச் சுருளோ புத்தர் உருவமோ ஏந்தி நிமிர்ந்து நடக்கிறவர்கள் இன்னொரு பக்கம். நீதிபதியின் மேசையில் தாள், பக்கத்தில் எழுத்தர்கள். அந்த மேசைக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? உயிரை எடுக்க முடியாது, சரி. ஆனால் வரிசையில் ஒருவரின் இடத்தை எடுக்கலாம். படையலை நிறுத்தி வைக்கலாம். அடுத்த பிறவி எதுவென்று தீர்மானிக்கலாம். கடைசி வாசலில் மெங் போ என்ற கிழவி தரும் பானத்தைக் குடிக்க வைத்து நினைவை அழிக்கலாம். உங்கள் நாவலில் தண்டனை சாட்டையடியாக இருக்க வேண்டாம். ஒரு தாய்க்குத் தன் குழந்தையின் பெயர் மறந்துபோகும்படி ஆணையிடும் அரசாங்கத்தைவிடக் கொடியது எது?

வாரிசுக் கேள்விக்கு வருகிறேன். கீழுலகத்தில் பட்டம் பரம்பரையாக வராது. அது பதவி. பதவி என்றால் நியமனம், மாற்றல், பதவி இறக்கம் எல்லாம் உண்டு. நம் யமன்தான் பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய் யான்லுவோ ஆனார். பத்து பேரில் அவர் ஐந்தாவது. முதலில் அவர் முதல் நீதிமன்றத்தில்தான் இருந்தாராம். அநியாயமாகச் செத்தவர்கள் மேல் இரக்கப்பட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததால் ஐந்தாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள் என்று பிற்காலச் சமய நூல் ஒன்று சொல்கிறது. எத்தனை பெரிய கதை இது! இரக்கம் காட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டு, அதே கட்டடத்தில் கீழ் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பழைய தலைவர். உங்கள் ஆவித் தரப்பில் இப்படி ஒருவரை வையுங்கள். சேனாதிபதி இல்லாமலே அரசியல் நடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாய்ஷான் என்ற மலைதான் செத்தவர்கள் போய்ச்சேரும் இடம் என்ற நம்பிக்கை பௌத்தம் வரும் முன்பே சீனாவில் இருந்தது. புது அமைப்பு வந்தபோது அந்த மலையின் அதிபதியை ஒழித்துவிடவில்லை, ஏழாம் அரசராக வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். பழைய ஆட்சி புது ஆட்சிக்குள் ஒரு துறையாகத் தங்கிவிடுகிறது. உங்கள் பாதாளத்துக்கு வயது கொடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

தலைநகரத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். உள்ளூர் ஆள் வேண்டும். சீனாவில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு செங்ஹுவாங், அதாவது நகரத் தெய்வம். உயிரோடு இருக்கும் மாவட்ட அதிகாரிக்கு ஈடான ஆவி அதிகாரி அவர். பல ஊர்களில் முன்பு அங்கே வாழ்ந்து செத்த நேர்மையான மனிதர்தான் அந்தப் பதவியில் இருப்பார். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1369இல் இந்தத் தெய்வங்களுக்குத் தர வரிசையே வகுத்தார். புதிதாகப் பதவியேற்க வரும் அதிகாரி முதலில் அவர் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. பகலை ஒருவர் ஆள்கிறார், இரவை ஒருவர் ஆள்கிறார், இருவருக்கும் எல்லை ஒன்றே.

சீன எழுத்தாளர் பு சோங்லிங் தொகுத்த விசித்திரக் கதைகளில் முதல் கதையே இந்தப் பதவிக்கான தேர்வைப் பற்றியது. நோயில் படுத்திருக்கும் ஒருவரைக் குதிரையோடு வந்து அழைத்துப் போகிறார்கள். தேர்வு எழுதுகிறார், தேறுகிறார், ஒரு நகரத்துக்குத் தெய்வமாக நியமனமும் ஆகிவிடுகிறது. அப்போதுதான் அவருக்குப் புரிகிறது, தான் செத்துவிட்டோம் என்று. எழுபது வயது அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்று அழுகிறார். அதிகாரிகள் அம்மாவின் ஆயுள் கணக்கை எடுத்துப் பார்க்கிறார்கள்: இன்னும் 9 ஆண்டு. சரி, அதுவரை இன்னொருவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுப்புக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஏடும் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது, இரண்டும் ஒரே மேசையில் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. உங்கள் தங்கை இறங்கும் அத்தியாயத்துக்கு முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் ஆவித் தரப்பு யார்? இதைத்தான் நீங்கள் முடிவு செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். செத்தவர்கள் எல்லாரும் ஒரு தரப்பாக இருக்க முடியாது. படையல் வைக்கச் சந்ததி உள்ளவர்கள் ஒரு வகை, யாருமே இல்லாதவர்கள் வேறு வகை. பின்னவர்கள்தான் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் பசியோடு வெளியே வருகிறவர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வாசகர்கள் அந்த மாதம் தெருவோரத்தில் காகிதப் பணம் எரிவதையும், மேடைக் கச்சேரியில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக விடப்படுவதையும் பார்த்திருப்பார்கள். தைவானில் இந்த ஆவிகளைப் பேய் என்று சொல்வதில்லை, ‘நல்ல சகோதரர்கள்’ என்பார்கள். மிங் அரசு ஊர்தோறும் இவர்களுக்கென்றே பலிமேடை கட்டி, ஆண்டுக்கு மூன்று முறை சோறு வைத்தது. நகரத் தெய்வத்தைக் கொண்டுவந்து தலைமை தாங்க வைத்தார்கள். கேட்பாரற்றவர்கள் கலகம் செய்யாமல் இருக்க அரசே படியளந்தது என்று இதை வாசிக்கலாம். பத்து நீதிமன்றங்களுக்கு எதிரே நிற்கும் தரப்பு வேண்டுமென்றால் இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள். இவர்களுக்கு ராஜா தேவையில்லை. வந்ததைச் சமமாகப் பங்கிடத் தெரிந்த ஒரு பொறுப்பாளர் போதும். பங்கு தப்பினால் அன்றைக்கே அவர் பதவி போய்விடும்.

இப்போது தங்கை. ராஜாவிடம் அனுப்பாதீர்கள், அவளுக்கு அங்கே பேச ஒன்றும் இல்லை. ஆயுள் ஏட்டைக் கையில் வைத்திருக்கும் எழுத்தரிடம் அனுப்புங்கள். கீழுலகக் கதைகளில் திருப்பம் பெரும்பாலும் அந்த மேசையில்தான் நடக்கிறது. ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவலில் குரங்கு வீரன் சுன் வுகாங் கீழுலக அரசர்களை மிரட்டுவதோடு நிற்பதில்லை. 1350ஆம் எண்ணில் தன் பெயரைத் தேடிப் பிடித்து, 342 வயது என்றிருந்த அந்த வரியை மையால் அடித்துவிடுகிறான். அதே நாவலில் தாங் பேரரசர் தாய்சோங் கீழே வரும்போது, ஏட்டில் அவருக்கு 13ஆம் ஆட்சியாண்டோடு முடிவு என்றிருக்கிறது. சீன எழுத்தில் ஒன்றுக்கு ஒரு கோடு, மூன்றுக்கு மூன்று கோடு; நீதிபதி ட்சுய் முதல் எண்ணில் இரண்டு கோடுகளைச் சேர்த்து 33 ஆக்கிவிடுகிறார். இருபது ஆண்டு ஆயுள், இரண்டு தூரிகைக் கோடு.

திரும்பி வரும் வழியில் பேரரசரைப் பசித்த ஆவிகள் மறிக்கின்றன. அவரிடம் கீழுலகக் காசு ஒன்றுகூட இல்லை. கைஃபெங் நகரில் தண்ணீர் விற்றுப் பிழைக்கும் ஓர் ஏழை, மிச்சம் பிடித்த காசில் காகிதப் பணம் வாங்கி எரித்துக்கொண்டே இருந்ததால், கீழே அவன் பெயரில் பொன்னும் வெள்ளியும் குவிந்து கிடக்கிறது. பேரரசர் அவனிடம் கடன் வாங்கித்தான் வெளியே வருகிறார். மேலே ஏழை, கீழே செல்வந்தன். உங்கள் தங்கைக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. அவள் உயிரோடு இருப்பவள், படையல் வைக்கக் கூடியவள். பாதாளத்தில் அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அண்ணனுக்காக மட்டும் வைப்பாளா, அவனோடு வரிசையில் நிற்கும் பெயர் தெரியாதவர்களுக்கும் வைப்பாளா என்பதை வைத்தே எழுத்தர் அவளிடம் பேரம் பேசுவார்.

அதனால் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பேரேட்டில் அண்ணனைப் பற்றி இருக்கும் வரியை அப்படியே எழுதிப் பாருங்கள்: எண், பெயர், ஊர், செத்த நாள், விதிக்கப்பட்ட வயது, படையல் வைப்பவர். அதில் எந்தப் பதிவு தப்பு, அல்லது எந்த இடம் காலி என்று முடிவு செய்யுங்கள். வயது தப்பென்றால் அவள் நிற்க வேண்டியது எழுத்தரின் மேசை. ஊர் தப்பென்றால் நகரத் தெய்வத்தின் வாசல். படையல் வைப்பவர் என்ற இடம் காலியாக இருந்தால், அண்ணன் நீதிமன்ற வரிசையிலேயே இருக்க மாட்டான். கேட்பாரற்றவர்களின் பந்தியில், கடைசியில் உட்கார்ந்திருப்பான்.