தளர்ந்த ரபிக்கு யார் தைரியம் சொல்வது? – கேள்வி பதில்

யூத சமூகங்களை வழிநடத்தும் ரபிகள் தங்கள் பணிக்கான மனவலிமையை எங்கிருந்து பெறுகிறார்கள் என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, ரபி என்பவர் நம் கோயில் குருக்களைப் போன்றவரா? பிறருக்கு ஆறுதல் சொல்லும் அவருக்கே ஊக்கம் தேவைப்படுமா?

பதில்: குருக்களோடு அவரை ஒப்பிட இயலாது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் உரோமர்களால் அழிக்கப்பட்டபோது பலியிடும் வழிபாடு நின்றுபோயிற்று. அதன்பின் யூத வாழ்வைத் தாங்கி நின்றவை படிப்பும் தொழுகையும்தான். பத்துப் பேர் கூடினால் ரபி இல்லாமலேயே கூட்டுத் தொழுகை நடக்கும். மரபுவழிப் பிரிவினர் பத்து ஆண்களை எண்ணுவார்கள். வேறு சில பிரிவுகளில் பெண்களும் சேர்த்து எண்ணப்படுகிறார்கள். ரபியின் பணி கற்பிப்பது, சமயச் சட்டத்தில் எழும் ஐயங்களுக்குத் தீர்வு சொல்வது, நோயாளிகளைப் பார்த்து வருவது, துக்க வீட்டாருக்குத் துணை நிற்பது. இவற்றின் பயன் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. சிற்றூரில் அவரிடம் பாடம் கேட்ட பிள்ளை, பல ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு பெருநகரில் தன் வீட்டில் வாராந்தர ஓய்வுநாள் விளக்கை ஏற்றும்போதுதான் அந்தப் பாடம் பலிக்கிறது. அதைக் காணும் வாய்ப்பு ரபிக்குக் கிடைப்பதே இல்லை. அவருக்கு ஊக்கம் தேவைப்படுவது இதனால்தான்.

கேள்வி: சோர்ந்துபோன ரபிக்கு அவருடைய மறைநூல் என்ன சொல்கிறது?

பதில்: எலியா தீர்க்கதரிசியின் கதையைத்தான் முதலில் சொல்வேன். அரசி யேசபேலின் கொலை மிரட்டலுக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடிய எலியா, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று இறைவனிடம் மன்றாடுகிறார். அவரிடம் வந்த தூதன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அப்பமும் ஒரு குடுவைத் தண்ணீரும் அவர் தலைமாட்டில் இருக்கின்றன. அவர் உண்டு, உறங்கி, மீண்டும் உண்டு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகுதான் உரையாடலே தொடங்குகிறது. நான் ஒருவன் மட்டுமே மிஞ்சியிருக்கிறேன் என்று அவர் முறையிடும்போது, எலிசாவைத் தனக்குப் பின்வருபவராக அபிஷேகம் செய்ய வேண்டும் என்றும், பாகால் என்ற வேற்றுத் தெய்வத்துக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் பதில் வருகிறது. இந்த வரிசைமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். தளர்ந்தவருக்கு முதலில் உணவும் உறக்கமும், அடுத்து பணியைப் பகிர ஓர் ஆள், அதன்பின் அவர் தனியர் அல்லர் என்ற செய்தி. ரபிகளைத் தேற்ற வரும் பலர் இதைத் தலைகீழாக்கி, நீண்ட சொற்பொழிவிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

இஸ்ரயேல் மக்களை எகிப்திலிருந்து வழிநடத்தி வந்த மோசேயும் இந்த மக்களின் பாரத்தைத் தனியே சுமக்க முடியவில்லை என்று அழுதவர்தான். அவருக்குத் துணையாக எழுபது மூப்பர்கள் நியமிக்கப்பட்டார்கள். காலை முதல் மாலை வரை ஒருவராகவே வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்த அவரைத் தடுத்து, பொறுப்பைப் பிறருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. அவர் மீதியான் நாட்டு ஆசாரியர், அதாவது வெளியார். நல்ல ஆலோசனை எங்கிருந்து வந்தாலும் ஏற்கலாம் என்பதை அந்த மரபே தன் மையத்தில் பதித்து வைத்திருக்கிறது.

கேள்வி: வாராவாரம் வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனால், அந்தப் பணியைத் தொடர்வதில் என்ன பொருள் இருக்கிறது?

பதில்: பழங்காலப் பேரறிஞரான ரபி அகிவாவின் மாணவர்கள் 24,000 பேர் பஸ்கா பண்டிகைக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடைப்பட்ட நாட்களில் மாண்டார்கள் என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் கூறுகிறது. இன்றும் அந்த வாரங்களில் யூதர்கள் துக்கம் காக்கிறார்கள், திருமணங்களைத் தவிர்க்கிறார்கள். எல்லாவற்றையும் இழந்த அகிவா, தென்பகுதிக்குச் சென்று மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே அவருக்குக் கிடைத்த மாணவர்கள் மெயிர், யெகுதா, யோசே, ஷிமோன், எலியாசர் என்று ஐவர் மட்டுமே. யூத மறைச் சட்டமான தோராவை அக்காலத்தில் நிலைநிறுத்தியவர்கள் அந்த ஐவர்தான் என்று அதே பகுதி சொல்கிறது. வேலையை முடிப்பது உன் பொறுப்பன்று, ஆனால் அதை விட்டு விலகவும் உனக்கு உரிமையில்லை என்று மற்றொரு பழங்கால அறிஞரான ரபி தர்போன் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் பாதி ரபியின் தோளிலிருந்து பாரத்தை இறக்குகிறது; இரண்டாம் பாதி அவரை இருந்த இடத்திலேயே நிற்க வைக்கிறது.

கேள்வி: அக்கம்பக்கத்தில் வேறு ரபியே இல்லாத ஊரில் இருப்பவர் என்ன செய்வார்?

பதில்: யூத மரபில் படிப்பு என்பது இருவர் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டுப் படிப்பது. எழுபது ஆண்டுகள் உறங்கி எழுந்த கோனி என்பவர், கல்விக் கூடத்தில் தன்னை அறிந்தவர் ஒருவரும் இல்லாததைக் கண்டு மனமுடைந்து இறந்ததாகத் தல்மூதில் ஒரு கதை உண்டு. துணை வேண்டும், இல்லையேல் சாவே மேல் என்ற மக்கள் வழக்கை அதற்கு விளக்கமாக அங்கே தருகிறார்கள். இந்தத் தனிமைக்கு நவீன காலம் கண்ட மிகச் சிறந்த மருந்தாக நான் கருதுவது, 1923இல் ரபி மெயிர் ஷபிரோ வியன்னா மாநாட்டில் முன்மொழிந்த நாளொரு ஏடு முறை. உலகெங்கும் உள்ளவர்கள் தல்மூதின் ஒரே ஏட்டை ஒரே நாளில் படிக்கிறார்கள். 2,711 ஏடுகளை முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். தனித்த ஊரில் இருக்கும் ரபிக்கும் அன்றைய பக்கத்தைத் தொலைபேசியில் வாதிட ஒரு தோழர் நிச்சயம் கிடைப்பார்.

கேள்வி: ஓய்வுநாளில் ரபி ஓய்வெடுக்கிறாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அன்றுதான் அவருக்கு வேலை மிகுதி. வாரத்தில் வேறொரு நாளை அவருக்கென்று விட்டுக்கொடுப்பது சபையின் கடமை.

கேள்வி: நம்பிக்கைக்கே இடமில்லாத காலத்தில் ரபிகள் எப்படிப் பணியாற்றினார்கள்?

பதில்: நாஜி ஆட்சிக் காலத்தில் பெர்லினில் ரபியாக இருந்த லியோ பேக், நாட்டைவிட்டு வெளியேறும் வாய்ப்புகள் வந்தும் தம் மக்களை விட்டுப் போக மறுத்தார். 1943 ஜனவரியில் தெரேசியன்ஸ்டட் முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கே கைதிகளுக்குத் தத்துவ விரிவுரைகள் ஆற்றினார்; உயிர் பிழைத்து, 1956இல் இலண்டனில் மறைந்தார். 1935இல் ரபியாகப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான ரெகினா யோனாஸ், 1942இல் அதே முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இரயிலில் வந்து இறங்கி அதிர்ந்து நிற்பவர்களை முதலில் சந்தித்து ஆறுதல் சொல்வது அங்கே அவர் ஏற்ற பணி. 1944இல் அவர் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். இவ்விருவரையும் நினைக்காமல் ரபிகளின் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு இயலாத காரியம்.

கேள்வி: நமக்கு அருகில் கொச்சியில் யூதர்கள் வாழ்ந்தார்களே, அவர்களுக்கு ரபிகள் இருந்தார்களா?

பதில்: முறைப்படி பட்டம் பெற்ற ரபிகள் இல்லாமலேயே மூப்பர்களும் கற்றறிந்தவர்களும் அந்தச் சமூகத்தை நடத்தினார்கள். 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக் கூடம் இன்றும் மட்டாஞ்சேரியில் நிற்கிறது. பெண்கள் மறைக்கதைகளையும் பண்டிகைகளையும் மலையாளப் பாடல்களாகக் குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் திருமணங்களிலும் விழாக்களிலும் பாடினார்கள். கல்வி வீடுகளுக்குள் இந்த அளவுக்கு ஊறிவிட்டால் ரபியின் சுமை பெருமளவு குறையும் என்பதால், சபையில் ஆள் குறைவதை எண்ணி வருந்தும் ரபிகள் இந்தச் சமூகத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினார்கள். அந்நாட்டின் தெற்கே நெவாத்தீம் என்ற குடியேற்றத்தில் கொச்சி மரபுப்படி அமைந்த தொழுகைக் கூடம் ஒன்று இருக்கிறது.