சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை

உள்ளாட்சி அலுவலகங்கள் பற்றி மாற்றுத்திறனாளி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். சட்டம் என்று நான் சொல்வது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை.

எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு நாலு படி. பக்கத்திலேயே சாய்தளம் இருக்கிறது, ஆனால் இரண்டு பேர் தள்ளினால்தான் என் சக்கர நாற்காலி ஏறுகிறது. கேட்டால் "அதான் கட்டியாச்சே" என்கிறார்கள்.
– வாசகர், தேனி மாவட்டம்

கட்டியது சாய்தளமா சறுக்குமரமா என்று டேப் பிடித்துப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல்படி ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். நாலு படி இரண்டடி உயரம் என்றால் 24 அடி. பல இடங்களில் எட்டடியில் முடித்துவிட்டு "இடமில்லை" என்பார்கள். நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டினால் அதே வாசலில் அடங்கிவிடும். இருபுறமும் கைப்பிடி வேண்டும். ஏறி முடிந்த இடத்தில், நாற்காலி பின்னால் உருளாமல் நின்று கதவைத் திறக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; கான்ட்ராக்டர்கள் மறப்பது இதைத்தான்.

டேப்போடு படம் எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு கொடுங்கள், நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. பழைய கட்டடம் என்ற சாக்கு செல்லாது. சட்டத்தின் விதிகள் வந்தது 2017 ஜூனில்; பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது.

பேரூராட்சியில் வரி கட்டும் கவுண்டர் மாடியில். லிஃப்ட் கிடையாது. "வீட்டில் வேறு யாரையாவது அனுப்புங்கம்மா" என்கிறார்கள்.
– வாசகி, கரூர் மாவட்டம்

உங்கள் வரியை நீங்களே கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. அலுவலகத்துக்குப் பெரிய சுமையில்லாமல் ஒருவருக்குச் செய்துதரக்கூடிய மாற்றத்தை மறுத்தால் அதுவும் பாகுபாடுதான். சட்டத்தின் வரையறையே அப்படித்தான் இருக்கிறது. மனுவில் "லிஃப்ட் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். "நிதி ஒதுக்கீடு வந்ததும் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரியில் பதில் வரும், அதோடு கதை முடிந்தது. "கீழ்த்தளத்தில் வைத்து வரி வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்க" என்று எழுதுங்கள். கீழே ஒரு மேசை போட டெண்டர் தேவையில்லை.

செயல் அலுவலர் அசையவில்லையா? திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சம்மன் அனுப்பவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஏன் முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும்.

என் சான்றிதழில் 30 சதவீதம்தான். நானும் கேட்கலாமா?

கேட்கலாம். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கான கோடு. பாகுபாடு கூடாது என்ற விதிக்கு அந்தக் கோடு கிடையாது.

எனக்குக் காது கேட்காது. கிராம சபைக்குப் போனால் கையெழுத்து வாங்கி உட்கார வைத்துவிடுகிறார்கள். என்ன தீர்மானம் போட்டார்கள் என்றே தெரிவதில்லை.

கூட்டத் தேதிகள் முன்பே தெரிந்தவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு வாரம் முன்னாலேயே ஊராட்சிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் எழுதி, சைகைமொழி பெயர்ப்பாளர் கேளுங்கள். அவர் வராவிட்டாலும் கையில் ஏதாவது இருக்க, கூட்டப் பொருள் நகலையும் தீர்மான நகலையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கத் தமிழ்நாட்டில் 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரைப் பிடியுங்கள்.

ஊழியர் ஒருவர் வரிசையில் எல்லோர் முன்னாலும் என் ஊனத்தைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேலி செய்தார்.

பொது இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு செய்திருந்தால் அது சட்டத்தின் பிரிவு 92இன்படி குற்றம்: ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அந்த நோக்கம் இருந்ததைக் காட்டச் சாட்சி வேண்டும். அன்றைய தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தைகள், வரிசையில் நின்றவர்களில் தெரிந்தவர் பெயர், எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். மனு ரசீது வாங்காமல் வராதீர்கள்.