வாசகர் கேள்வி: பெல்லட் தேர்வு

அஸ்தம்பட்டி வாசகர்: மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். ஒரே பெல்லட்டை (ஏர் ரைபிளுக்கான ஈயக் குண்டு) 4.49, 4.50, 4.51 மி.மீ. என மூன்று தலை அளவில் விற்கிறார்கள். எதை வாங்குவது?

கடையில் நின்று முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. உங்கள் மகளின் ரைபிள் பேரலுக்கு (குழலுக்கு) எது ஒத்துவருகிறது என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, பேட்ச் எண்ணை எழுதி வையுங்கள். கையில் பிடித்துச் சுட்டால் சோதனை மகளுக்கே தவிர பெல்லட்டுக்கு அல்ல. ஸ்டாக்கை (தோளில் அணைக்கும் கட்டைப் பகுதி) கழற்றி ஆக்‌ஷனை (பேரலும் சுடும் பொறியும்) மட்டும் இறுக்கும் கிளாம்ப் உங்கள் கிளப்பில் இருந்தால் நல்லது; இல்லையென்றால் முன்னும் பின்னும் மணல் மூட்டை போதும். காற்று சிலிண்டரை வைஸில் (பட்டறை இறுக்கியில்) கவ்வவே கூடாது.

பெல்லட் மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேரலில் பழைய பெல்லட்டின் ஈயப் படிவு இருக்கும். பிறகு தாளுக்குப் பத்துக் குண்டு, ஒவ்வொரு தலை அளவுக்கும் ஐந்து தாள். ஓட்டைக் கூட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை வெர்னியரில் அளந்து, குண்டின் விட்டமான 4.5 மி.மீ. கழித்தால் உண்மையான பரவல் கிடைக்கும். வெளியே அளந்தது 5.4 என்றால் பரவல் 0.9 மி.மீ. மட்டுமே. டெசிமல் ஸ்கோரில் (நடு மையம் 10.9 என்று தசமத்தில் எண்ணும் முறை) ஒவ்வொரு 0.1 புள்ளியும் 0.25 மி.மீ. தூரம் என்பதால், அந்தக் கூட்டம் நடுவில் அமைந்தால் எல்லாம் ஏறத்தாழ 10.8-க்குக் குறையாமல் நிற்கும். வெளியே 7 மி.மீ. வந்தால், கை ஆடாமலே ஓரத்துக் குண்டுகள் 10.4, 10.5-க்கு இறங்கிவிடும்.

மூன்றே குண்டில் "சூப்பர் குரூப்" என்று குதிப்பவர்களை நம்பாதீர்கள். தள்ளி விழுந்த குண்டை விட்டுவிட்டு அளப்பதும் ஏமாற்றுதான். கிளாம்பில் ஏது கை நடுக்கம்? எது ஜெயித்ததோ அதே பேட்ச் எண்ணில் சீசனுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த பேட்ச், அதே 4.50 ஆனாலும், மறுபடி சோதிக்க வேண்டியதுதான்.

செவ்வாய்பேட்டை வாசகர்: வீட்டில் கொலுசுப் பட்டறை. மில்லிகிராம் தராசு இருக்கிறது. பெல்லட்டை எடை போட்டுப் பிரிக்கலாமா?

தராசு சும்மா இருந்தால் போடுங்கள். போட்டிக்கான மேட்ச் பெல்லட் சுமார் 530 மில்லிகிராம். அதில் 5 மில்லிகிராம் வித்தியாசம் என்பது 1 சதவீதம். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில், 10 மீட்டரில் குண்டு படும் இடத்தில் ஏறத்தாழ 0.2 மி.மீ. ஏற்ற இறக்கம்தான். மலிவு டப்பாவில் வித்தியாசம் 25 மில்லிகிராமைத் தொட்டால் 1 மி.மீ. அளவுக்குப் போகும், அப்போது தராசுக்கு வேலை உண்டு. அதைவிட ஸ்கர்ட் (பெல்லட்டின் பின்பக்க விளிம்பு) நசுங்கியதைப் பொறுக்கி எடுப்பதில் பலன் அதிகம். கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். நசுங்கியது தத்தித் தத்தி ஓடும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் அது.

ஏற்காடு வாசகர்: சேலத்தில் செட் செய்த சைட் (குறிபார்க்கும் கருவி) இங்கே மாறுமா? சிலிண்டர் அழுத்தமும் குறைகிறதே?

சேலத்தைவிட ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரம், காற்று லேசு. ஆனாலும் 10 மீட்டரில் அதன் பாதிப்பு 0.2 மி.மீ.க்குள் அடங்கிவிடும். அழுத்தம் குறைவது குளிரால்: 34 டிகிரியில் 200 பார் இருந்த சிலிண்டர் 20 டிகிரியில் 191 காட்டும், கசிவு என்று பயப்பட வேண்டாம். ரெகுலேட்டர் (காற்றை ஒரே அழுத்தத்தில் விடும் அமைப்பு) உள்ள ரைபிளில் குண்டின் வேகம் இதனால் மாறாது. உங்கள் ஊரில் கவனிக்க வேண்டியது பனி ஈரம். பெல்லட்டில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அந்த டப்பாவைப் போட்டிக்கு எடுக்காதீர்கள். புது டப்பாவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

ஆத்தூர் வாசகர்: ஸ்பிரிங் துப்பாக்கி. பெல்லட்டில் எண்ணெய் தடவினால் வேகம் கூடுகிறதே?

கூடும். பிஸ்டன் காற்றை அழுத்தும் சூட்டில் எண்ணெய் டீசல் இன்ஜின்போல் வெடிக்கிறது. வேகம் குண்டுக்குக் குண்டு மாறும், சீல் கருகும், ஸ்பிரிங் உடையும். தடவாதீர்கள்.