நான் கொண்டுபோகும் பாத்திரம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் விடுமுறைக்கால விருந்தைப் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமையல் என் தொழில். ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ், அதாவது இரைப்பையைச் சுருக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் ஆபரேஷன், ஆனது. அதனால் இங்கே சொல்வதில் பாதி அடுப்படியில் கற்றது, மீதி என் வயிறு கற்றுக்கொடுத்தது.

கேள்வி: எனக்கு ஸ்லீவ் சர்ஜரி ஆகி ஏழு மாதம் ஆகிறது. விடுமுறைக்கு உறவுக்காரர்கள் இருபது பேர் கூடுகிறோம். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துவர வேண்டும் என்று முடிவு. நானும் சாப்பிட வேண்டும், மற்றவர்களும் விரும்ப வேண்டும். ‘ஆபரேஷன் ஆனவள் சாப்பாடு’ என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. என்ன செய்வது?

அங்கே இருக்கப்போகும் இருபது பாத்திரத்தில் உங்கள் வயிற்றுக்கு ஒத்துப்போவது நீங்கள் கொண்டுபோனது மட்டுமாகவும் இருக்கலாம். அதனால் பேருக்கு ஒரு சாலட்டை எடுத்துப் போய்விடாதீர்கள். புரதம் இருக்க வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், ஆறினாலும் ருசி கெடக் கூடாது.

ஈரத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். காய்ந்துபோன நெஞ்சுக்கறி, நேற்றுச் சமைத்து இன்று சூடுபண்ணிய இறைச்சி, மென்றால் மாவாக உருளும் ரொட்டி எல்லாம் அங்கே போய் அப்படியே நின்றுவிடும். நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் அழுத்தும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். நாலு பேர் நடுவில் அந்த அவஸ்தை உங்களுக்கு வேண்டாம்.

என் வீட்டில் எந்த விருந்துக்கும் போவது முட்டைக் கப். எட்டு முட்டை, வடிகட்டிய கெட்டித் தயிர் நான்கு மேசைக்கரண்டி, துருவிய சீஸ் 60 கிராம், ஒரு கட்டு பசலைக்கீரை, உப்பு, மிளகு. 12 குழி உள்ள மஃபின் தட்டுக்கு இது சரியாக இருக்கும். கீரையைப் பொடியாக நறுக்கி வதக்கி, ஆறியதும் துணியில் சுருட்டி இறுகப் பிழியுங்கள். பச்சைத் தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை பிழிய வேண்டும். அது உள்ளே தங்கினால் கப்பின் அடியில் தேங்கி, முட்டை திரிந்ததுபோல் ஆகிவிடும். ஓவனை 180 டிகிரியில் வைத்தால் 15லிருந்து 18 நிமிடம் போதும். ஓரம் கெட்டியாகி, தட்டை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் லேசாக ஆடும் நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். மீதி அந்தத் தட்டின் சூட்டிலேயே வெந்துவிடும். முழுக்க இறுகும்வரை உள்ளே விட்டால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும், நம் தொண்டையில் இறங்காது.

ஒரு கப்பில் ஏறக்குறைய ஐந்தாறு கிராம் புரதம் கிடைக்கும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கு தவறிப்போவது பெரும்பாலும் விருந்து நாளில்தான். முதல் வாயே புரதமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு இடமிருந்தால் மற்றவை.

இறைச்சிதான் வேண்டுமென்றால் கோழியின் தொடைக்கறியைக் கொத்தி, கிலோவுக்கு அரை கப் கெட்டித் தயிர் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாக்கித் தக்காளிச் சாற்றிலேயே வேகவிடுங்கள். அந்தச் சாற்றோடு எடுத்துப்போனால் மறுபடி சூடுபண்ணினாலும் காயாது. விருந்தில் முதலில் காலியாகும் பாத்திரமும் இதுதான். உங்கள் பங்கை ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். எடுத்து வைக்காமல் போன ஒரு வருஷம், எல்லோருக்கும் பரிமாறி முடித்து நான் திரும்பிப் பார்க்கையில் அடியில் சாறு மட்டும் இருந்தது. அன்று இரண்டு துண்டு சீஸோடு வீடு வந்தேன்.

முட்டையோ கறியோ, மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைத் தொடாதீர்கள். இது அங்கிருக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

கேள்வி: எனக்குப் பைபாஸ் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது. மசித்த உணவில் இருக்கிறேன். நண்பர்கள் வீட்டு விருந்துக்குப் போகலாமா?

உடம்பில் தெம்பு இருந்தால் போங்கள், மனிதர்களைப் பார்க்கப் போங்கள். சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கையில் ஒரு ஃபிளாஸ்க்கில், வடிகட்டி மசித்த பருப்பு சூப் இருக்கட்டும். ‘ஒரே ஒரு வாய்’ என்று யார் நீட்டினாலும் வேண்டாம்; உள்ளே தையல் ஆறிக்கொண்டிருக்கும் நேரம் இது. அடுத்த கட்ட உணவுக்கு எப்போது போகலாம் என்பதை உங்கள் சர்ஜனும் டயட்டீஷியனும்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

கேள்வி: இனிப்பே சாப்பிடக் கூடாதா? எல்லோரும் சாப்பிடும்போது சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது.

கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் விடுமுறையில், ஒரு தோழி வீட்டில் கேரமல் புட்டிங் இரண்டு கரண்டி சாப்பிட்டேன். வெறும் வயிறு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது, முதுகெல்லாம் வியர்வை, அடிவயிற்றில் முறுக்கு. குளியலறைத் தரையில் உட்கார்ந்து டைலில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. கதவைத் தட்டிய தோழியிடம் தலைவலி என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இதை டம்பிங் என்பார்கள். பைபாஸில் இரைப்பை முட்டையளவு பைக்குச் சுருங்கிவிடுகிறது. உணவை அளந்து அளந்து கீழே விடும் வாயிலும் வழியில் இல்லை. சர்க்கரை சட்டென்று சிறுகுடலில் இறங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அரை மணிக்குள் படபடப்பு வருவது இதனால். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை வரும். அப்போது இன்சுலின் அதிகமாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும். கை நடுங்கும், கண் இருட்டும். ஸ்லீவ் ஆனவர்களுக்கு இது குறைவு, வரவே வராது என்று சொல்ல முடியாது.

அதற்காக இனிப்பே கிடையாது என்று உட்கார வேண்டாம். நான் செய்வது பூசணி கஸ்டர்ட். வேகவைத்து மசித்த பூசணி ஒரு கப், பால் ஒரு கப், முட்டை மூன்று, பட்டைத்தூள், வனிலா, சமையலுக்கு ஏற்ற சர்க்கரை மாற்று கொஞ்சம். சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, வெந்நீர்த் தட்டில் நிறுத்தி ஓவனில் வைத்தால் இறுகிவிடும். பைபாஸுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் லாக்டோஸ் இல்லாத பாலைச் சேருங்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்று விற்கும் மிட்டாய்களை நம்பி அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் சார்பிட்டால், மால்டிட்டால் வயிற்றை ஊதவைத்துப் பேதியாக்கும்.

கேள்வி: என் கொழுந்தனாருக்குப் போன வருஷம் பைபாஸ் ஆனது. இந்த முறை விருந்து எங்கள் வீட்டில். அவர் மனம் கோணாமல் எப்படி உபசரிப்பது?

இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. இரண்டு நாள் முன்னால் தனியாக ஃபோன் பண்ணி, ‘உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும்? எது வேண்டாம்?’ என்று கேட்டுவிடுங்கள். விருந்தன்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். ‘இது உங்களுக்காகவே செய்தது’ என்று அவர் தட்டுக்கு எதிரே ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கவும் வேண்டாம். சாறுள்ள மீனோ முட்டையோ மசித்த காலிஃபிளவரோ, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் இருந்தால் போதும்.

சின்னத் தட்டுகளை ஒரு அடுக்காக வைத்துவிடுங்கள்; குழந்தைகளும் எடுப்பார்கள், அவரும் எடுப்பார். சாப்பிடும்போதும் முடித்த அரை மணி நேரமும் அவர் தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடும். டம்ளரை நிரப்பி நிரப்பி நீட்டாதீர்கள். சோடாவும் மதுவும் வேண்டாமென்றால் ஏனென்று கேட்காதீர்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு மது மிகச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும்.

ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, நாலு வாய்க்கே அவருக்கு இருபது நிமிடம் ஆகும். மற்றவர்கள் எழுந்துவிட்டாலும் நீங்கள் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று மட்டும் கரண்டியை நீட்டாதீர்கள். என் அக்கா அப்படி ஒருமுறை நீட்ட, அவள் முகத்துக்காக நான் வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இப்போது அவளே, நான் கிளம்பும்போது மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவைக் கையில் தருகிறாள். மறுநாள் காலையில் அதைத் திறந்து, அவசரமில்லாமல் சாப்பிடுவேன். உங்கள் கொழுந்தனாருக்கும் ஒரு டப்பா எடுத்து வையுங்கள்; விருந்து தொடங்குவதற்கு முன்பே.