கம்ப்யூட்டர் கேள்வி பதில்: விளக்கு எரிகிறது, ஆனால் ‘ஆஃப்லைன்’ என்கிறது

கேள்வி: மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தேன். இப்போது என் இங்க் டேங்க் பிரின்டரில் கறுப்பு எழுத்தெல்லாம் கோடு கோடாக விட்டுவிட்டு வருகிறது. ஹெட் கிளீனிங் பத்து முறை கொடுத்துவிட்டேன், இங்க் குறைந்ததுதான் மிச்சம். கடையில் ‘ஹெட் போச்சு, புதுசே வாங்கிடுங்க’ என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா சார்?
(ஓய்வு பெற்ற ஆசிரியை, தென்காசி)

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் அந்த ஹெட் கிளீனிங்கை நிறுத்துங்கள். தாளில் இங்க்கைத் தெளிக்கும் பாகம்தான் ஹெட், அதில் உள்ள துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை, மாதக்கணக்கில் சும்மா இருந்தால் இங்க் அதிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். கிளீனிங் என்பது டேங்கிலிருந்து இங்க்கை இழுத்து, அந்தத் துளைகள் வழியாக உறிஞ்சி, பிரின்டருக்கு அடியில் இருக்கும் பஞ்சில் கொட்டுவது, அவ்வளவுதான். அந்தப் பஞ்சு எவ்வளவு குடித்திருக்கிறது என்று பிரின்டர் கணக்கு வைத்துக்கொண்டே வரும், கணக்கு நிறைந்துவிட்டால் அச்சடிக்க மறுத்து நின்றுவிடும். பத்து முறை அழுத்தியதில் இங்க்கும் போயிற்று, பஞ்சின் ஆயுளும் குறைந்தது.

இனி இப்படிச் செய்யுங்கள். டேங்கில் இங்க் கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘நாசில் செக்’ பக்கம் (எல்லாத் துளையிலும் இங்க் வருகிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) ஒன்று எடுத்து, தேதி எழுதி வையுங்கள். ஒரே ஒரு கிளீனிங் கொடுத்துவிட்டு, பிரின்டரை அதன் பட்டனில் அணைத்து, இரவு முழுக்க, 12 மணி நேரமாவது, தொடாமல் விட்டுவிடுங்கள். காய்ந்த இங்க் புது இங்க்கில் ஊறி இளகுவதற்குத்தான் அந்த நேரம். மறுநாள் இன்னொரு நாசில் செக் எடுத்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டு விழுந்த இடம் அதே இடமாக இருந்தால் அடைப்பு, இடம் மாறி மாறி விழுந்தால் பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. எதுவானாலும் மூன்று நான்கு நாள் இதே மாதிரி பொறுமையாகச் செய்தால் பல பிரின்டர்கள் தேறிவிடும். ‘பவர் கிளீனிங்’ கடைசி ஆயுதம், அது இங்க்கை ஏராளமாகக் குடிக்கும், டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது இங்க் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டும். எப்சன் எல் வரிசையில் ஹெட் பிரின்டரோடு பொருத்தப்பட்டிருக்கும், சர்வீஸ் சென்டர்தான் வழி. எச்பி, கேனன் இங்க் டேங்குகளில் நிறைய மாடல்களுக்கு ஹெட்டை மட்டும் கழற்றி மாற்றலாம், மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. நம் வீடுகளில் பிரின்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்கும் பழக்கம் இருக்கிறது, தயவுசெய்து அதை விடுங்கள். பிரின்டரின் சொந்த பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும், சுவிட்சைத் தட்டினால் பாதி வழியில் திறந்தபடி நின்று காயும். வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள்.

கேள்வி: கரன்ட் போய் வந்தாலே எங்கள் வைஃபை பிரின்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. பிரின்டரில் விளக்கு எரிகிறது, வைஃபையும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறேன். போன வாரம் இணையத்தில் கிடைத்த ஒரு ‘சப்போர்ட்’ எண்ணுக்கு அழைத்தேன். ஏதோ ஆப் இறக்கச் சொல்லி, டிரைவர் காலாவதியாகிவிட்டது, பணம் கட்டுங்கள் என்றார்கள். கட்டலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: கட்டாதீர்கள். டிரைவர் என்பது கம்ப்யூட்டர் பிரின்டரை இயக்க உதவும் மென்பொருள், அதற்குக் காசே கிடையாது, பிரின்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். கம்பெனி பெயரைப் போட்டு ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்துதான் வருகின்றன, பிரின்டரோடு வந்த புத்தகத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். அந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரை எங்கிருந்தோ இன்னொருவர் இயக்க வழி திறந்துவிடுவது. இறக்கியிருந்தால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு அதை நீக்குங்கள், வேறொரு கருவியிலிருந்து பேங்க், ஈமெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சரி, பிரின்டருக்கு வருவோம். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. கரன்ட் போய் ரூட்டர் மறுபடி எழும்போது முகவரிகளை மாற்றிக் கொடுத்துவிடலாம். நேற்று 192.168.1.5-இல் இருந்த பிரின்டர் இன்று 192.168.1.9-இல் இருக்கும், கம்ப்யூட்டரோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு ஆள் இல்லை என்கிறது. உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். ரூட்டரின் செட்டிங்ஸில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று இருக்கும், அதில் பிரின்டருக்கு நிரந்தரமாக ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, பிரின்டரைக் கடைசியாக ஒரே ஒரு முறை இன்ஸ்டால் செய்யுங்கள். பல தடவை இன்ஸ்டால் செய்ததில் அதே பெயரில் ‘காப்பி 1’, ‘காப்பி 2’ என்று நின்றுகொண்டிருக்கும், அவற்றையெல்லாம் முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பழையதற்கே அனுப்பும். ரூட்டர் புதிது என்றால் இன்னொன்றும் பாருங்கள், வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும், வீட்டு பிரின்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், 5-ஐக் கண்ணால் காணாது.

கேள்வி: லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் போடலாமா? (ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், திருவாரூர்)

பதில்: கூடாது. டோனரைத் தாளில் உருக்கி ஒட்ட ஃபியூசர் 200 டிகிரி அளவுக்குச் சூடாகிறது, அந்த நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தைச் சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்காது. நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரைப் போட்டாலே தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. பேங்க் தளம் ‘பாதுகாப்பு இல்லை’ என்கிறது. வைரஸா?
(இல்லத்தரசி, ஓசூர்)

பதில்: வைரஸ் இல்லை, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பழைய ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும், 3 வோல்ட். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு, உங்கள் கம்ப்யூட்டரின் தேதி அதற்குள் வராததால்தான் அந்த எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு கேபினெட்டைத் திறந்து கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதைப் போடுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது தேதியைச் சரிசெய்யச் சொல்லும், செய்து சேமித்துவிட்டால் முடிந்தது.

கேள்வி: கோயில் திருவிழா வரவு செலவுக் கணக்கைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறோம். வெளியே பிரின்ட் எடுக்கப் போனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.
(விழாக் குழு உறுப்பினர், காரைக்குடி)

பதில்: கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். பாமினியில் அடிக்கும்போது உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான், அதன் மேல் தமிழ் உருவத்தைக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உருவம் போய் உள்ளே இருப்பது தெரிகிறது. நாளைக்கே அச்சு வேண்டுமென்றால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து போய்விடும். ஆனால் வருடா வருடம் தேவைப்படும் கணக்கு இது, தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிவு செய்யும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ என்ற யூனிகோடு எழுத்துருவும் கூடவே வருகிறது. மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. மாற்றும்போது முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போடாதீர்கள், நடுவில் உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் கடைப் பெயர், பில் எண் எல்லாம் உருத்தெரியாத தமிழாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்துப் போட்டு, நன்கொடையாளர் பெயர்களைப் பழைய அச்சுத் தாளோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.